பையைக் கீழே வைக்காதீங்க

மிச்சம் பேரங்காடியில் உறுப்பினராகச் சேரப் பணம் கட்ட வேண்டியதில்லை. குரல் கொடுத்தால் போதும்.

வாசலை ஒட்டி, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவில், அலமாரி அளவில் ஓர் அறை இருக்கிறது. மேலே 'குரல் அறை' என்று எழுதியிருக்கும். சேர வருகிறவர் அதற்குள் நின்று, "இன்னிக்கும் நான் மிச்சம் பிடிச்சேன்" என்று மைக்கில் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவருடைய அட்டையைக் கல்லாவில் தேய்க்கும்போதெல்லாம், பில்லில் தள்ளுபடி விழுந்திருந்தால், அவர் குரலிலேயே அந்த வாக்கியம் கடை முழுக்க ஒலிக்கும். வரிசையில் நிற்பவர்கள் கைதட்ட வேண்டும். தட்டாதவர்களைப் பார்த்துச் சீருடைக்காரர் ஒருவர் புன்னகைப்பார். அந்தப் புன்னகையை இரண்டாம் முறை பார்க்க யாரும் விரும்பியதில்லை.

தள்ளுபடி விழாதவர்கள் பில்லை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறுவார்கள். அந்தச் சத்தமின்மைக்குப் பயந்தே பலர் தேவையில்லாத ஒரு சோப்பையாவது சேர்த்து வாங்கினார்கள். அப்படி வாங்கிய சோப்பும் மிச்சக் கணக்கில்தான் வரும்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர் ஒருவரும் அவர் மனைவியும் அங்கே சேரப் போனார்கள். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். கடையில் பை தரமாட்டார்கள் என்பதால், பழைய ஜன்னல் திரையை வெட்டி மனைவி ஒரு பை தைத்திருந்தார். அவர்கள் உள்ளே நுழைந்தபோது கடைத் தரையை அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மனைவி குரல் அறைக்குள் நின்றார். லிஃப்ட்காரர் வெளியே, உருளைக்கிழங்குப் பக்கம். மைக்கைப் பார்த்துக்கொண்ட பெண், சொல்வதற்கு முன்பே பொத்தானை அழுத்திவிட்டாள். பதிவானது இதுதான்:

"பையைக் கீழ வைக்காதீங்க, தரை ஈரமா இருக்கு. என்னது, ஆரம்பிச்சாச்சா? இன்னிக்கும் நான் மிச்சம் பிடிச்சேன்."

மனைவி இன்னொரு தடவை ஒழுங்காகச் சொல்கிறேன் என்றார். ஓர் ஆளுக்கு ஒரு பதிவுதான் என்று அந்தப் பெண் மறுத்துவிட்டாள். கடையும் சிக்கனம் பிடிக்க வேண்டாமா என்று கேட்டாள்.

முதல்முறை அது கடை முழுக்க ஒலித்தபோது வரிசையே சிரித்தது. கைதட்டவும் செய்தது. வெளியே வந்ததும் மனைவி சொன்னார்: "ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, நீங்க பையைக் கண்ட இடத்துல போடுற ஆளுன்னு."

"உன் வாயும்தான் தெரிஞ்சுபோச்சு," என்றார் லிஃப்ட்காரர்.

அந்தக் கடையில் அவர்கள் சில வருடங்கள் சாமான் வாங்கினார்கள். பிறகு ஒரு நாள் மனைவி வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனார். திரும்பி நடந்து வரவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்டைப் பார்த்துக்கொள்வது லிஃப்ட்காரரின் கம்பெனிதான். அது கடைசிவரை சரியாகவே வேலை செய்தது. அதில் அவர் குறை சொல்ல எதுவும் இல்லை.

உறவுக்காரர்கள் வந்து போனார்கள். வீட்டில் உப்பு தீர்ந்தது. லிஃப்ட்காரர் திரைத்துணிப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். பையின் உள்பாக்கெட்டில் மனைவியின் அட்டை இருந்தது. அட்டை உறுப்பினரைத் தவிர வேறு யாருக்கும் செல்லாது என்று அதன் பின்பக்கமே எழுதியிருந்தது. கல்லாக்காரம்மா அதையெல்லாம் படிக்கிறவர் இல்லை. பெருத்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்த வாடிக்கையாளரின் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. உப்பைத் தள்ளினார், முட்டையைத் தள்ளினார், அட்டையைத் தேய்த்தார். முட்டையில் தள்ளுபடி இருந்தது.

"பையைக் கீழ வைக்காதீங்க, தரை ஈரமா இருக்கு."

குரல் கூரையிலிருந்து வந்தது. லிஃப்ட்காரர் பையைக் கீழே வைக்கப் போய்க்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது.

"என்னது, ஆரம்பிச்சாச்சா? இன்னிக்கும் நான் மிச்சம் பிடிச்சேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். முட்டையை அவர் கீழே போடவில்லை. உடைந்த பொருளுக்குத் தள்ளுபடி கிடையாது என்று எதிரில் பலகை தொங்கியது.

அன்றிலிருந்து வேலை முடிந்து தினமும் போனார். அவர் வீட்டில் மனைவியின் குரல் வேறெங்கும் இல்லை. போனில் பேசிப் பதிவு அனுப்புவது அந்த அம்மாளுக்குப் பிடிக்காது. கல்யாண வீடியோவில் பாட்டைப் போட்டுப் பேச்சையெல்லாம் மூடியிருந்தார்கள். மீதி இருந்தது கல்லாவுக்கு மேலே இருந்த ஒலிபெருக்கியில் மட்டும்தான். அது வாய் திறக்க வேண்டுமானால் பில்லில் தள்ளுபடி விழ வேண்டும்.

தள்ளுபடி நமக்கு வேண்டிய பொருளுக்கு வராது. அதனால் லிஃப்ட்காரர் விலை குறைந்ததை வாங்கினார். பூனைத் தீவனம் வாங்கினார். கைக்குழந்தைக்குக் கட்டும் டயப்பர் வாங்கினார். வெள்ளை ஷூவுக்குப் போடும் பாலிஷ், நீச்சலடிப்பவர்கள் காதில் வைக்கும் அடைப்பான், நெளிந்த டப்பாவில் ஏதோ ஒரு பழம். தினமும் ஒன்று. பில்லின் அடியில் 'இதுவரை நீங்கள் மிச்சம் பிடித்தது' என்று ஒரு தொகை வரும். அது ஏறிக்கொண்டே போனது. வீட்டு வாடகை நின்றுபோனது.

பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காரும் மகள் ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கக் குனிந்தாள். துடைப்பம் உள்ளே போகவில்லை.

"அப்பா, நம்ம வீட்டுல பூனை இருக்கா?"

"இல்ல."

"குழந்தை?"

"விலை குறைச்சிருந்தாங்கம்மா."

அவள் பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அம்மா போன பிறகு ஒரே ஒரு முறை அவளும் அந்தக் கடைக்குப் போயிருந்தாள். அம்மாவின் அட்டையைத் தேய்த்ததும் குரல் வர, கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தவள். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகக்கூடப் போவதில்லை.

"அங்க பேசுறது அம்மா இல்லப்பா," என்றாள். "கடை. அம்மா வாயை வச்சுக் கடை பேசுது."

"முன்னாடி வர்றது கடை இல்ல," என்றார் அவர். "அது என்கிட்ட சொன்னது."

அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாக மறுபடி உள்ளே தள்ளினாள்.

போனில் பதிவு செய்துகொள்ளலாமே என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஆனால் அங்கே நுழைவாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், வாடிக்கையாளர்கள் விலையைப் படமெடுத்துப் போட்டிக் கடைக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஆகவே மறுநாள் அப்பாவை இழுத்துக்கொண்டு கிளை மேலாளரைப் பார்க்கப் போனாள். அம்மாவின் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டாள். கேட்டது ஒன்றுதான், அந்தப் பதிவில் ஒரு பிரதி.

கிளை மேலாளர் இளைஞர். கழுத்தில் பட்டை, பட்டையில் அவருடைய புகைப்படம், அதிலும் அதே சிரிப்பு. உறுப்பினரின் குரல் கடையின் சொத்து என்றும், பிரதி வேண்டுமானால் உறுப்பினர் நேரில் வந்து கேட்க வேண்டும் என்றும் விளக்கினார்.

லிஃப்ட்காரர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். லிஃப்டிலும் ஒரு பெண் பேசுவாள். கதவு மூடுகிறது, தள்ளி நிற்கவும் என்பாள். அந்தக் குரல் நகம் அளவு சில்லில் இருக்கும். கழற்றிப் பிரதி எடுக்க டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது, தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்தப் பெண் யார் வீட்டு மனைவியோ என்று சமீபமாகத்தான் யோசிக்க ஆரம்பித்திருந்தார். அதைச் சொல்லவில்லை.

மகள் சான்றிதழை மேசைமேல் வைத்தாள். மேலாளர் அதை அனுதாபத்தோடு பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார்.

"உறுப்பினர் விலகினதுக்கு மூணு காரணம்தான் இதுல இருக்கு மேடம். ஊர் மாறிட்டாங்க, சேவை பிடிக்கல, போட்டிக் கடைக்குப் போயிட்டாங்க. நீங்க சொல்ற காரணம் இல்ல."

"செத்துப்போனவங்களே உங்க கடையில இல்லையா?"

"இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணல மேடம்."

நீண்ட யோசனைக்குப் பிறகு, உள்ளதற்குள் பொருத்தமானது என்று 'போட்டிக் கடைக்குப் போய்விட்டார்' என்பதை அழுத்தினார். பிரதி தருவதைப் பற்றித் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார்.

தலைமையகத்திலிருந்து வந்தது பிரதி அல்ல, போன். 'இழந்த உறுப்பினர்களை மீட்கும் பிரிவு' என்று ஒன்று அங்கே இருந்தது. அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார்கள். அம்மா இருக்கிறார்களா என்று கேட்ட பெண்ணிடம், இல்லை, போய்விட்டார் என்றாள் மகள்.

"தெரியும் மேடம். எங்களுக்கு ரொம்ப வருத்தம். அவங்க திரும்பி வந்தா முதல் மாசம் எல்லாத்துக்கும் பாதி விலை."

மகள் போனைக் காதில் வைத்தபடியே அப்பாவைப் பார்த்தாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

"வரமாட்டாங்க," என்றாள்.

"அங்க என்ன விலைக்குக் கொடுக்கிறாங்கன்னு சொன்னா, நாங்க அதைவிடக் குறைக்கப் பார்ப்போம்."

"அங்க எல்லாமே இலவசம்ங்க."

மறுமுனையில் எதையோ தட்டெழுதும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், மேலதிகாரியைக் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தாள்.

கூப்பிட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அன்று மாலையே லிஃப்ட்காரர் போய் அட்டையைத் தேய்த்துவிட்டார். குரல் வந்தது. பில்லின் தலைப்பில், பூ வரைந்த கட்டத்துக்குள், 'திரும்பி வந்ததற்கு நன்றி அம்மா' என்று அச்சாகியிருந்தது. அவர் அதைத் தெருவிளக்கின் அடியில் நின்று படித்தார். வீட்டுக்கு வந்ததும் காரணமே இல்லாமல் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பூனைத் தீவனம் இருந்தது.

அதன் பிறகு மீட்புப் பிரிவு அந்த அம்மாளைத் தன் வெற்றிகளில் ஒன்றாகக் காட்டிக்கொண்டது. அறிக்கை மேலே போகப் போக அவர் புகழ் வளர்ந்தது. தினமும் வருகிறார். விலை குறைந்ததை மட்டுமே வாங்குகிறார். வாங்கியதைத் திருப்பித் தந்ததே இல்லை. சில வாரங்களில், எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து 'இந்த ஆண்டின் சிறந்த சிக்கன உறுப்பினர்' விருது அவருக்கு என்று கடிதம் வந்தது. கூடவே இன்னொரு வரி. விருது பெறுபவரின் குரல் இனி எல்லாக் கிளைகளிலும், எல்லாக் கல்லாக்களிலும், எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒலிக்கும்.

விழா கடைக்குள்ளேயே நடந்தது. எண்ணெய் டின்களை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி, அதில் ரிப்பன். லிஃப்ட்காரரும் மகளும் பக்கத்தில் நின்றார்கள். நாற்காலி யாருக்கு என்பது தெரியாமல் வந்த மண்டல அதிகாரி, ஏறியதும் அதில்தான் உட்காரப் போனார். கிளை மேலாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். அதிகாரியின் முகம் கறுத்தது. பிறகு மெல்ல மெல்ல ஒளிர்ந்தது. மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, இந்த அம்மையார் காலமாகிவிட்டார் என்பதை இப்போதுதான் அறிந்தேன். இதனால் நம் விருதின் மதிப்பு கூடுகிறதே தவிர, குறையவில்லை. எண்ணிப் பாருங்கள். இவர் தக்காளியை அழுத்திப் பார்ப்பதில்லை. காலாவதித் தேதியைக் கேட்பதில்லை. எடை குறைகிறது என்று சண்டை போடுவதில்லை. வண்டி நிறுத்த இடம் கேட்பதில்லை. ஆனால் தினமும் வாங்குகிறார். இப்படி ஒரு வாடிக்கையாளருக்காகத்தான் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து நாம் உழைத்துவருகிறோம். உயிரோடு இருக்கும் உறுப்பினர்களும் கொஞ்சம் முயன்றால் இந்த நிலையை எட்டலாம்."

உயிரோடு இருந்தவர்கள் கைதட்டினார்கள். சீருடைக்காரர் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒலிபெருக்கியில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினார்கள். பளிச்சென்று, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது.

"இன்னிக்கும் நான் மிச்சம் பிடிச்சேன்."

லிஃப்ட்காரர் காத்திருந்தார். மறுபடி போட்டார்கள். மறுபடியும் அது மட்டும்தான்.

கூட்டம் கலைந்து பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் அதிகாரியிடம் போனார். முன்னால் ஒரு பேச்சு இருக்குமே, அது எங்கே என்று கேட்டார்.

"அதைச் சுத்தம் பண்ணியாச்சு சார்," என்றார் அதிகாரி. "தரை ஈரமா இருக்குன்னு வருது. நாளைக்கு ஒருத்தன் வழுக்கி விழுந்தான்னு வைங்க, உங்க கடையே ஒத்துக்கிச்சேன்னு கேஸ் போடுவான். அதோட பாருங்க, அந்தப் பேச்சு யாரோ ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னது. நமக்கு எல்லாரையும் பார்த்துச் சொல்றது வேணும்."

"அந்த ஆள் நான்தான் சார்."

"ரொம்ப சந்தோஷம்," என்று அதிகாரி கை கொடுத்தார்.

லிஃப்ட்காரர் அந்தக் கையை விடவில்லை. "வெட்டி எடுத்ததை எனக்குக் குடுத்துடுங்க."

"வெட்டினதை நாங்க வைக்கிறதில்ல சார். சும்மா இடத்தை அடைச்சுக்கும்."

"நெளிஞ்ச டப்பாவை விக்கிறீங்க. உடைஞ்ச பிஸ்கட்டைப் பொட்டலம் போட்டு விக்கிறீங்க. அழுகினது போக மீதி ஆப்பிளை நறுக்கி விக்கிறீங்க. அதுமாதிரி இதையும் விக்க வேண்டியதுதானே. முழு விலைக்கே வாங்கிக்கிறேன்."

அதிகாரி முதன்முறையாக உண்மையிலேயே வருத்தப்பட்டார். விற்றிருக்கக்கூடிய ஒன்றை விற்காமல் விட்டோமே என்ற வருத்தம் அது.

"அதுக்கு விலை போடலையே சார்," என்றார்.

வீடு திரும்பும் வழியில் மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சின்ன வயதிலும் அவள் அப்படிப் பிடித்ததில்லை. இனிமேல் அங்கே போக வேண்டாம் என்றாள். அவர் சரி என்றார்.

சில நாட்கள் போகவில்லை. ஆனால் கடை அவரைத் தேடி வந்தது. பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த கிளையின் ஒலிபெருக்கி வாசலைப் பார்த்து இருந்தது. பேருந்துக்கு நிற்கும்போது மனைவி மிச்சம் பிடித்தார். எதிர்வீட்டுக்காரர் சவரக்கத்தி வாங்கினால் மனைவி மிச்சம் பிடித்தார். பள்ளிப்பிள்ளைகள் மிட்டாய் வாங்க, குடிகாரர் ஒருவர் சோடா வாங்க, ஒரே மூச்சில் வரிசையாக மிச்சம் பிடித்தார். மகளின் மருத்துவமனையில் பல் பிடுங்க வந்த ஒரு பெண், அந்த விளம்பரக் குரலைப்போல் பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். மகள் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் காதில் வைக்கும் அடைப்பானைத் தேடி எடுத்தார். நீச்சல்காரர்களுக்கானது. பாதிதான் அடைத்தது. அடைத்த பாதியில், அந்தக் குரல் இதற்கு முன்னால் வேறு என்னவெல்லாம் பேசியது என்று நினைத்துப் பார்த்தார். வரவில்லை. பழைய பேச்சு எதை நினைத்தாலும் கடைசியில் மிச்சம் பிடிச்சேன் என்றுதான் முடிந்தது. சண்டை போட்ட ஒரு மாலையைக்கூட நினைத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே முடிந்தது.

வீட்டில் மறுபடி உப்பு தீர்ந்தது.

அவர் பழைய கிளைக்கே போனார். உப்பு மட்டும் எடுத்துக்கொண்டார். தள்ளுபடி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். இனி அட்டையும் தேவையில்லை. யார் எதை வாங்கினாலும் அதே குரல்தான். வரிசை நீளமாக இருந்தது. ஒவ்வோர் ஆள் நகரும்போதும் கூரையிலிருந்து மனைவி ஒருமுறை சொன்னார். வரிசை கைதட்டியது. பழக்கத்தில் அவர் கையும் தட்டப் போயிற்று. பை இடித்தது.

அவர் முறை வந்தது. கல்லாக்காரம்மா உப்பை வாங்கித் தள்ளினார். லிஃப்ட்காரர் சட்டைப்பையில் சில்லறை தேடினார். ஒரு கையால் எடுக்க முடியவில்லை. இத்தனை மாதங்களில் முதன்முறையாக, தடுக்க யாரும் இல்லாததால், பையைக் கீழே வைக்கக் குனிந்தார்.

"பையைக் கீழ வைக்காதீங்க," என்றார் கல்லாக்காரம்மா. "தரை ஈரமா இருக்கு."

கல்லாக்காரம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. குரலில் இரக்கமும் இல்லை. தினமும் இதே ஆள், இதே பை, இதே நேரம். காது கேட்டுக் கேட்டு வாய்க்கு வந்துவிட்டது. கை அதன்பாட்டுக்குப் பொத்தானை அழுத்தியது.

"என்னது, ஆரம்பிச்சாச்சா?" என்றது அதே வாய், பில் தாளைக் கிழித்தபடி.

"இன்னிக்கும் நான் மிச்சம் பிடிச்சேன்," என்றது கூரை.

சீருடைக்காரர் புன்னகையை எடுத்துக்கொண்டு கல்லாவை நோக்கி வந்தார். பணிநேரத்தில் எழுதிக் கொடுக்காத வாக்கியங்களைப் பேசக் கூடாது என்பது விதி. கல்லாக்காரம்மா அவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த ஆளின் சோப்பை இழுத்துக்கொண்டார்.

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

பையை மேலே தூக்கிக்கொண்டார்.